டின் கிதாருக்குக் கழுத்து: கதவுச் சட்டமா, பைனா, பேலட்டா, கட்டில் மரமா, தோட்டத்துப் பலாவா?

ஐந்து லிட்டர் டின் எப்படியும் கிடைத்துவிடும். தின்னர் வந்த டின், ஆலிவ் எண்ணெய் டின், கல்யாணச் சமையலில் மிஞ்சிய நெய் டின், ஏதாவது ஒன்று. தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்கள் இகொகொகோ என்று சொல்லும் இந்த வாத்தியத்தைச் செய்யக் கிளம்பும் எல்லோரும் கழுத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கராஜில் கழற்றி வைத்த பழைய கதவு நிற்கிறது. கடைக்காரர் சரக்கு ஏற்றும் மரத்தட்டு, அதாவது பேலட், இரண்டை எடுத்துப் போகச் சொல்கிறார். பழைய கட்டிலின் பக்கச்சட்டம் கரையான் தொடாமல் கிடக்கிறது. ஹார்டுவேர் கடையில் பைன் மலிவு. பின்கட்டில் வெட்டிப் போட்ட பலாக் கிளையும் இருக்கிறது. எதில் ரம்பத்தை வைப்பது?

மரத்தின் பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது. நல்ல பைன் துண்டு கதவு செய்யும் மெராந்தியின் மோசமான துண்டைத் தோற்கடிக்கும். அதனால் அளவுகோல்களை முதலில் பார்த்துவிடலாம்.

மரத்துக்கு முன்னால் கம்பி

எத்தனை கம்பி, என்ன கம்பி என்று தீர்மானிக்காமல் மரம் தேடுவது வீண் வேலை. கழுத்து தாங்க வேண்டிய இழுப்பு இதைப் பொறுத்துப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறும். 648 மி.மீ. நரம்பு நீளத்துக்கு (தந்தி அதிரும் நீளம்) ஏறக்குறைய கணக்கு இது:

- மூன்று உருக்குக் கம்பி (கிதார் செட்டின் ஏ, டி, ஜி கம்பிகளை ஜி–டி–ஜி என்று கட்டினால்): 30 முதல் 35 கிலோ
- ஆறு நைலான்: 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவு
- எலெக்ட்ரிக் கிதாரின் 9–42 செட் (மெல்லிய, தடித்த தந்திகளின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்): சுமார் 38 கிலோ
- அக்கூஸ்டிக் 10–47 செட்: சுமார் 60 கிலோ
- அக்கூஸ்டிக் 12–53 செட்: 70 கிலோவுக்கு மேல்

கடைசி வரியில் இருப்பதை டின் கிதாரில் போடவே வேண்டாம். கழுத்து தாங்கினாலும் டின் முகத்தில் தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரை உட்காரும் இடம் குழிந்துவிடும். டர்பன்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. தூண்டில் சாமான் கடையில் 0.70, 0.80, 1.0 மி.மீ. நைலான் நரம்பு கிடைக்கும். நைலான் கிதாரின் முதல் மூன்று தந்திகளும் ஏறத்தாழ அதே பருமன்தான். கீழ்த்தந்தி மூன்றும் கம்பி சுற்றியவை, அவற்றைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

*நீளம்.* டின் தகடு இழுப்பைத் தாங்காது. அதனால் கழுத்து டின்னுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும், தந்திகளின் வால் முனை அந்த மரத்தில்தான் மாட்டப்படும். தலைக்கு 170, நட்டிலிருந்து (தலைக்குக் கீழே தந்திகள் ஏறும் கட்டை) குதிரை வரை 648, குதிரையிலிருந்து டின் அடி வரை சுமார் 70, வெளியே நீட்ட 20. மொத்தம் 910 மி.மீ. அறுப்பதில் போவதையும் சேர்த்தால் கணு இல்லாத ஒரு மீட்டர் துண்டு கையில் வேண்டும். மேசைக்காலைக் கழுத்தாக்க நினைப்பவர்களின் கனவு இங்கேயே முடிகிறது. மேசைக்கால் பொதுவாக 720 மி.மீ. பக்கம்தான் இருக்கும்.

*நாரோட்டம்.* பார்வையை நம்பாதீர்கள். வேண்டாத ஓரத்தில் உளியை வைத்துத் தட்டி ஒரு சிம்பு பிளந்து பாருங்கள். அது போகும் வழிதான் உண்மையான நார். ஒரு மீட்டரில் 50 மி.மீ.க்கு மேல் விலகினால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகான மரமாக இருந்தாலும் சரி.

*விறைப்பு.* வீட்டிலேயே அளக்கலாம். துண்டை 45 மி.மீ. அகலம், 22 மி.மீ. தடிமனுக்கு இழைத்து, 800 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஸ்டூலின் மேல் படுக்க வையுங்கள். நடுவில் கயிறு கட்டி, வாளியோடு சேர்த்து 10 கிலோ வரும்படி தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து மரத்தின் அடிவரை முன்னும் பின்னும் அளந்தால் தொய்வு தெரியும். 2.2 மி.மீ. பக்கம் வந்தால் அருமையான துண்டு. 3.3 மி.மீ. பக்கம் வந்தால் சாதாரணத் துண்டு, மூன்று கம்பிக்கோ நைலானுக்கோ மட்டும் தாங்கும். 4 மி.மீ.ஐத் தாண்டினால் அதற்குள் இரும்பு வைக்காமல் உருக்குக் கம்பி பூட்டக் கூடாது. விறைப்பு தடிமனின் கன மடங்கில் ஏறுவதை மறக்காதீர்கள். 20 மி.மீ.க்குப் பதில் 22 மி.மீ. வைத்தாலே 33 சதவீதம் கூடுகிறது. விரல் பிடிக்கு வசதியாக இருக்கட்டும் என்று கடைசி நேரத்தில் இழைத்துத் தள்ளும் இரண்டு மி.மீ.தான் பல கழுத்துகளைக் கெடுக்கிறது.

*ஈரத்துக்கு அசைவு.* டர்பன் கோடையின் புழுக்கத்தில் ஊதிய மரம் குளிர்காலத்தில் ஜோகனஸ்பர்க் போனால் சுருங்கும். அப்போது மெட்டுகளின் (விரல்பலகையில் குறுக்கே பதிக்கும் கம்பிகள்) முனை ஓரத்தில் துருத்திக்கொண்டு விரலைக் கீறும், கழுத்தும் முறுக்கிக்கொள்ளலாம். துண்டைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை மாறாமல் நின்ற பிறகுதான் கடைசி அளவுக்கு இழைக்க வேண்டும்.

*எடை.* இதை யாரும் யோசிப்பதில்லை. டின் உடம்பு லேசானது. கனமான மரத்தில் கழுத்து செய்து, தலையில் ஆறு இரும்பு முறுக்காணியும் வைத்தால், தோளில் மாட்டியதும் தலை தரையைப் பார்க்கும். இடது கை சுருதிக்குப் போவதை விட்டுவிட்டுக் கழுத்தைத் தூக்கிப் பிடிக்கும் வேலையைச் செய்யும்.

ஹார்டுவேர் பைன்

மலைப்பக்கத் தோட்டங்களில் வளரும் பைன், கூரைக் கட்டைக்காக அறுத்து விற்கப்படுகிறது. பலர் கவனிக்காத ஒன்று இதில் உண்டு: கட்டையின் மேல் அடித்திருக்கும் தரமுத்திரையே விறைப்பைச் சொல்லிவிடுகிறது. எஸ்5 என்றால் சராசரி 7.8 ஜிகாபாஸ்கல், எஸ்7 என்றால் 9.6, எஸ்10 என்றால் 12. கடையில் பெரும்பாலும் குவிந்திருப்பது எஸ்5. ஆனால் அது சராசரிதான். அதே அடுக்கில் வருடவளையம் நெருக்கமாக, நேராக ஓடும் ஒன்றிரண்டு கட்டைகள் ஒளிந்திருக்கும். 38 × 114 அளவில் தேடுங்கள். கட்டையின் வெளி ஓரத்திலிருந்து பட்டை எடுத்தால் நடுக்குருத்து விலகிவிடும். 38 மி.மீ. தடிமன் இருப்பதால் தலையை ஒட்டுப்போடாமல், 12 மி.மீ. படி இறக்கி ஒரே துண்டில் செய்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு மருந்து. கடலோரப் பகுதியில் கட்டடத்துக்குப் போகும் பைனைக் கரையானுக்கும் துளைப்பானுக்கும் மருந்தேற்றித்தான் விற்க வேண்டும். பச்சை நிறம் ஏறியிருந்தால் அதில் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரைக்கு அது நல்லது. உப்புத்தாள் போட்டுத் தூளாக்கி மூச்சில் இழுப்பதற்கும், நாள் முழுக்க உள்ளங்கையில் உரசுவதற்கும் அது ஆகாது. மிஞ்சிய சீவலை ப்ராய் (திறந்தவெளியில் இறைச்சி சுடும்) நெருப்பில் போடவும் கூடாது, அந்தப் புகையும் சாம்பலும் விஷம். அலமாரி வேலைக்கென்று இழைத்து விற்கும் மருந்தில்லாப் பைனைக் கேட்டு வாங்குங்கள், அல்லது பழைய பைன் மேசையைத் தேடுங்கள். பழைய பைன் என்றால் கரையான் சோதனை கட்டாயம். டர்பனில் வறட்டுக் கரையான் நிலைத்துவிட்டது. மண்கூடு கட்டாது, மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். கட்டையைச் செய்தித்தாளின் மேல் நிமிர்த்தித் தட்டுங்கள். கசகசா மாதிரி மணிமணியாகக் கொட்டினால் அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

இன்னொரு குறை, பைன் மென்மையானது. மெட்டு இறங்கும் பள்ளம் தளர்ந்துபோகும், விரல் படும் இடம் குழியும். மேலே கடினமான விரல்பலகை ஒட்டியே ஆக வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

முதல் வாத்தியம், மூன்று கம்பி, கண்ணாடிக் குழாயை வழுக்கி வாசிப்பது என்றால் பைனுக்கு மேல் எதுவும் தேவையில்லை. விரல்பலகையோடு சேர்த்து 26 மி.மீ. தடிமன் வையுங்கள்.

கதவு மெராந்தி

எங்களைக் கேட்டால் பெரும்பாலானோருக்கு இதுதான். இந்த நாட்டில் மரக்கதவு, மரச்சன்னல் என்றாலே மெராந்திதான் என்னும் அளவுக்குப் பரவியது. வழக்கமான கதவின் அளவு 813 × 2032 மி.மீ., தடிமன் 40. பல வருடம் வீட்டில் நின்று ஆட்டம் அடங்கிய மரம். இரண்டு மீட்டர் நிமிர்சட்டத்தில் இரண்டு கழுத்துக்கு நீளம் இருக்கிறது.

ஆனால் எந்தச் சட்டம் என்பதில்தான் விஷயம். பூட்டு இருந்த பக்கத்தை ஒதுக்குங்கள். நடுவில் பூட்டுக்காகக் குடைந்த பொந்து கழுத்தை இரண்டாக்கிவிடும். கீல் பக்கத்துச் சட்டத்தை எடுத்து, வெளி விளிம்பிலிருந்து 50 மி.மீ. பட்டையாக அறுங்கள். உள் விளிம்பில் பலகை செருகிய காடியும் குறுக்குச்சட்டத்தின் முளையும் இருக்கும். முளை முழுக்க ஊடுருவி வந்திருந்தால் அதன் தலை வெளி விளிம்பிலேயே செவ்வகமாகத் தெரியும், அந்த இடத்தைக் கழுத்தில் சேர்க்காதீர்கள். கீல் உட்கார்ந்த பள்ளம் ஆழம் குறைவு, இழைப்பில் போய்விடும். கதவைத் தட்டினால் வெறும் கூடு போலச் சத்தம் வருகிறதா? அது மெராந்தித் தோல் போர்த்திய கூட்டுக்கதவு, சட்டத்தில் துண்டு துண்டாகக் கோத்த பைன் இருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

மெராந்தி என்பது ஒரே மரமல்ல, ஷோரியா இனத்தில் பல மரங்களுக்கு ஒரே வியாபாரப் பெயர். கருஞ்சிவப்பாகக் கனக்கும் வகை கன மீட்டருக்கு 670 கிலோ அளவில், விறைப்பு 12 ஜிகாபாஸ்கல் பக்கம் இருக்கும். வெளிறிய லேசான வகை 480 கிலோ அளவுதான். லேசான வகையில் ஓர் ஆபத்து உண்டு. அடிமரத்தின் நடுப்பகுதியில் நார்கள் நசுங்கி, குறுக்கே மயிரிழைக் கோடுகள் விழுந்திருக்கும். அப்படிப்பட்ட கட்டை நார் நீளாமல் ரொட்டி மாதிரி டக்கென்று முறியும். இழைத்த முகத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குறுக்குக்கோடு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ஓரத்தில் வெட்டிய விரல் அளவுச் சிம்பை ஒடித்துப் பார்ப்பது இன்னும் நிச்சயம். நல்ல மரம் நார் பிய்த்துக்கொண்டு கோணல்மாணலாக ஒடியும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு பெயின்ட். பழைய வீட்டுக் கதவின் அடிப்பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பெயின்ட்டில் ஈயத்துக்கு 600 பிபிஎம் (பத்து லட்சத்தில் 600 பங்கு) என்ற வரம்பு தென்னாப்பிரிக்காவில் 2009-ல்தான் வந்தது. பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தூளாக்க வேண்டாம், ஹீட் கன் வைத்துப் புகைக்கவும் வேண்டாம். பூச்சு நீக்கும் திரவம் தடவிச் சுரண்டி எடுத்து, பிறகு இழைப்புளி போடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இந்த ஒரு வேலையை அவர்கள் இல்லாதபோது செய்யுங்கள். வாசல் வெயிலில் நின்ற வார்னிஷ் கதவாக இருந்தால் இந்தக் கவலை குறைவு.

இழைக்கும்போது மெராந்தி நார் மாறிமாறி ஓடுவது தெரியும். ஒரு பட்டை வழவழப்பாக வரும், பக்கத்துப் பட்டை பிய்யும். இழைப்புளியைச் சாணை பிடித்து மெலிதாகச் சீவுங்கள், கடைசி அரை மி.மீ.யை உடைந்த கண்ணாடியின் விளிம்பாலோ ரம்பத் தகட்டாலோ சுரண்டி முடியுங்கள்.

பேலட் சலிக்னா

சலிக்னா என்று இங்கே விற்பது யூகலிப்டஸ் கிராண்டிஸ். ஜூலுலாந்துக் கரை நெடுக அதன் தோட்டம்தான். நல்ல துண்டு கிடைத்தால் இந்தப் பட்டியலில் விறைப்பானவற்றில் ஒன்று. ஆனால் அந்த நல்ல துண்டு கிடைக்க வேண்டுமே.

பேலட்டைத் தொடும் முன் முத்திரையைப் பாருங்கள். ‘எச்டி’ (HT) என்றால் சூடேற்றிப் பக்குவப்படுத்தியது, ‘எம்பி’ (MB) என்றால் மீதைல் புரோமைடு புகையிட்டது. பக்கத்தில் இரண்டெழுத்தில் நாட்டின் பெயர் இருக்கும், தென்னாப்பிரிக்காவுடையது ‘இசட்ஏ’ (ZA). எம்பி வேண்டாம். எண்ணெய், பூச்சிமருந்து சிந்திய கறை இருந்தாலும் வேண்டாம். நிறுவனத்தின் வண்ணம் பூசிய வாடகைப் பேலட்டுகள் அந்த நிறுவனத்தின் சொத்து. கடைக்காரர் எடுத்துப் போகச் சொன்னாலும் அவருக்கே அது சொந்தமில்லை.

மேல்பலகைகள் 20 மி.மீ. சுற்றித்தான் தடிமன், நடுத்தாங்கியில் அடித்த ஆணிவரிசை சரியாகக் கழுத்தின் நடுவில் வரும். பலகையை விட்டு, கீழே நிற்கும் தாங்கிக் கட்டையை எடுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் நீளம், கை நிறையத் தடிமன், ஆணி மேல்விளிம்பில் மட்டும். ஆணி இறங்கிய ஆழத்துக்குக் கீழே அறுத்தால் சுத்தமான மரம். ஆணியைப் பிடுங்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், சுற்றுவரி போட்ட ஆணி பாதியில் முறிந்து உள்ளேயே தங்கும். அந்த மிச்சம்தான் இழைப்புளியின் பல்லைத் தின்னும். சலிக்னாவில் இரும்பு பட்ட இடம் ஈரத்தில் நீலக்கறுப்பாகக் கறைபடும், அதை வைத்தே ஆணி எங்கே என்று கண்டுபிடிக்கலாம்.

இந்த மரத்துக்குள் வளரும்போதே ஏறிய இறுக்கம் இருக்கிறது. நீளவாக்கில் அறுத்ததும் இரு பாதியும் ஆளுக்கொரு பக்கம் வில்லாக வளையும். அதனால் 6 மி.மீ. கூடுதலாக வைத்து அறுத்து, மூன்று வாரம் நிழலில் விட்டு, பிறகு இழையுங்கள். இன்னும் நல்லது, 15 மி.மீ. பட்டை மூன்றை நிமிர்த்தி வைத்து, நடுப்பட்டையை மட்டும் தலைகீழாகத் திருப்பி ஒட்டுவது. ஒன்றின் வளைவை இன்னொன்று இழுத்துப் பிடிக்கும். இதற்குக் குறைந்தது எட்டு கிளாம்ப் வேண்டும். இல்லாதவர்கள் சைக்கிள் ட்யூபைக் கீறிப் பட்டையாக்கி இறுக்கிச் சுற்றலாம், நன்றாகவே பிடிக்கும்.

காசு செலவில்லை, உழைப்பு நிறைய. ஆறு உருக்குக் கம்பி வேண்டும், நேரமும் இருக்கிறது, ரம்பத்தைத் தீட்டத் தெரியும் என்பவருக்கு சலிக்னா பொருந்தும்.

கட்டில் கியாட்

பழைய கட்டில், அலமாரி, டிரெஸ்ஸிங் டேபிளில் வரும் பழுப்புப்பொன் மரம். தமிழ்நாட்டு வேங்கையின் இனம்தான், டெரோகார்பஸ் அங்கோலென்சிஸ். கட்டிலின் பக்கச்சட்டம் 1.9 மீட்டர் வரை இருக்கும், நீளத்துக்குப் பஞ்சமில்லை. இழைக்கச் சுகம். ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் மிகக் குறைவாகவே அசையும், இந்த ஒரு விஷயத்தில் மற்ற எதுவும் கிட்டே வராது. வைரத்தில் பூச்சியும் எளிதில் ஏறாது. வெளுத்த ஓரப்பகுதிக்கு இந்தக் காப்பு கிடையாது, அதைச் சீவிவிடுங்கள்.

இதையெல்லாம் கேட்டு கியாட்தான் உயர்ந்தது என்று முடிவு கட்டுகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அசையாத மரம் வேறு, வளையாத மரம் வேறு. கியாட்டின் விறைப்பு 8 ஜிகாபாஸ்கலைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எஸ்7 பைன் அதைவிட விறைப்பு. கியாட் கழுத்தில் ஆறு உருக்குக் கம்பி பூட்ட வேண்டுமானால் உள்ளே இரும்பு வைக்காமல் முடியாது. நைலானுக்கும் மூன்று கம்பிக்கும் இது போதும்.

தூளும் ஒரு செலவுதான். கியாட் தூள் மூக்கை எரிக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். திறந்த முற்றத்தில், முகமூடியோடு. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: உடையாமல் நிற்கும் கியாட் கட்டிலை டின் கிதாருக்காக அறுப்பது அநியாயம். ஏற்கெனவே ஒடிந்தது, ஒற்றைச் சட்டமாகக் கிடப்பது என்றால் மட்டும் தொடுங்கள்.

தோட்டத்துப் பலா

வீணைக்குப் பலா, எனவே கிதாருக்கும் பலா என்ற நினைப்பு இயல்பு. வீணைக்குப் போவது முற்றிய அடிமரம், வருடக்கணக்கில் காய்ந்தது. பின்கட்டில் வெட்டிய கிளை அதுவல்ல. கிளை தன் பாரத்தைத் தானே தாங்கி வளைந்து வளர்ந்ததால் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் வேறுவேறு விதமாகச் சுருங்கும், நடுவில் குருத்தும் இருக்கும். காயக்காய முறுக்கிக்கொள்ளும். பிளந்து, முனைகளில் பெயின்ட் அடித்து, 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் நிழலில் அடுக்கினால் அடிமரம் பயன்படும். இந்த விடுமுறைக்கே கிதார் வேண்டுமென்றால் ஆகாது. மாமரத்துக்கும் இதே பதில்தான், அது துளைப்பானுக்கு இன்னும் பிடித்த மரம்.

மண்வெட்டிப் பிடி, துடைப்பக்கட்டை பற்றியும் கேட்பார்கள். துடைப்பக்கட்டை கம்பி பூட்டியதும் வில்லாகும். மண்வெட்டிப் பிடி உருண்டை, தட்டையான முகம் இழைத்து முடிக்கும்போது தடிமன் போதாது.

ஒரு பார்வையில்

| | ஒரு மீட்டர் நேர்த்துண்டு | விறைப்பு | ஈரத்தில் அசைவு | எடை | எதில் செலவு ஒளிந்திருக்கிறது | யாருக்கு |
|---|---|---|---|---|---|---|
| பைன் | எளிது | எஸ்5 குறைவு, எஸ்7 நடுத்தரம் | நடுத்தரம் | லேசு | மருந்து, தனி விரல்பலகை | முதல் வாத்தியம், மூன்று கம்பி |
| கருஞ்சிவப்பு மெராந்தி | கீல் பக்கச் சட்டத்தில் எளிது | நன்று | நடுத்தரம் | சற்றுக் கனம் | ஈயப் பெயின்ட், நார் பிய்தல் | நான்கு முதல் ஆறு கம்பி |
| சலிக்னா | தாங்கிக் கட்டையில் மட்டும் | நன்று | அதிகம் | கனம் | ஆணி, வளைவு, காத்திருப்பு | அனுபவமுள்ளவர், உருக்குக் கம்பி |
| கியாட் | கட்டில் சட்டத்தில் | குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் | இரும்பு வைக்கும் வேலை, தூள் | நைலான், ஊர்விட்டு ஊர் போகும் வாத்தியம் |
| பச்சைப் பலா | கிளையில் இல்லை | காய்ந்த பிறகுதான் தெரியும் | காயும்வரை மிக அதிகம் | காய்ந்தால் நடுத்தரம் | வருடக்கணக்கான காத்திருப்பு | அவசரமில்லாதவர் |

உள்ளே இரும்பு வைப்பதா, தடிமன் கூட்டுவதா

கழுத்துக்குள் திருகிச் சரிசெய்யும் கம்பி இல்லாமல் கிதார் செய்ய முடியாது என்பது மூடநம்பிக்கை. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனக் கிதார்களில் 1934 முதல் டி வடிவ உருக்குப் பட்டையும், 1967 முதல் சதுர உருக்குக் குழாயும் இருந்தன. திருகும் கம்பி 1985-ல்தான் வந்தது. நமக்கும் சதுரக் குழாயே போதும். 12.7 மி.மீ. பக்கம், 1.2 மி.மீ. சுவர் உள்ள குழாய் 450 மி.மீ. நீளம் வைத்தால், 20 மி.மீ. தடிமனுள்ள சாதாரண மரக்கழுத்தின் விறைப்பு இரண்டு மடங்குக்கும் மேலாகும். எடை சுமார் 200 கிராம் கூடும், தலை சாயும் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சன்னல் சட்டத்தில் கழற்றிய அலுமினியம் கையில் இருக்கிறது என்பார்கள். அலுமினியத்தின் விறைப்பு உருக்கில் மூன்றில் ஒரு பங்குதான், அதே அளவுக் குழாயில் பலனும் அதே விகிதத்தில் குறையும். முறிந்த மீன்பிடிக் கோல் இன்னும் மோசம். பெரும்பாலானவை கண்ணாடி இழை, அலுமினியத்துக்கும் கீழே. இந்த இரண்டுக்கும் பதிலாக மரத்தில் மூன்று மி.மீ. தடிமன் கூட்டிவிடுவது மேல்.

குழாய்க்கான காடியை நடுக்கோட்டில் வெட்டுங்கள். இரு ஓரமும் ரம்பத்தால் கீறி, நடுவை உளியால் எடுத்தால் ரவுட்டர் (காடி வெட்டும் இயந்திரம்) தேவையில்லை. காடியின் அடியில் குறைந்தது 6 மி.மீ. மரம் மிஞ்ச வேண்டும். குழாயில் எண்ணெய்ப்பசை போகத் தின்னரால் துடைத்து, உப்புத்தாளால் கீறி, மெதுவாக இறுகும் எபாக்சிப் பசையில் பதியுங்கள். ஐந்து நிமிட எபாக்சி வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகும். கோல்ட் க்ளூ என்று இங்கே விற்கும் வெள்ளைப் பசை பட்டைகளை அடுக்கி ஒட்டத் தாராளமாகப் போதும். ஆனால் தலையைச் சாய்த்து ஒட்டும் இடத்தில் ஓயாத இழுப்பில் மாதக்கணக்கில் மெல்ல நழுவும், அங்கே எபாக்சிதான்.

விரல்பலகையும் மெட்டும்

கழுத்து எந்த மரமானாலும் மேலே கடினமான பலகை ஒட்டுவது நல்லது. இடிக்கிற கட்டடங்களில் வரும் பழைய பார்க்கே தரைக்கட்டைகளைத் தேடுங்கள். ஜிம்பாப்வே, ஜாம்பியா பக்கத்து பைகியா மரம் அதில் நிறைய உண்டு, கன மீட்டருக்கு 900 கிலோ வரை கனக்கும். அடியில் தார் ஒட்டியிருக்கும். உப்புத்தாள் போட்டால் தாள் அடைபடும், தூளும் நல்லதல்ல, அந்த முகத்தை அப்படியே ரம்பத்தால் சீவி எறிந்துவிடுங்கள்.

கட்டை 230 மி.மீ. நீளம்தான் என்று கைவிட வேண்டாம். 648 மி.மீ. நரம்பு நீளத்தில் ஏழாவது மெட்டு 215.5 மி.மீ.யிலும், பத்தொன்பதாவது 431.8 மி.மீ.யிலும் விழும். இரண்டு கட்டையை ஏழாவது மெட்டுக்கு நேர்கீழே சேர்த்தால் ஒட்டு மெட்டுக்குள் மறைந்துவிடும். தந்தி இழுக்கும்போது விரல்பலகைப் பக்கம் நெருக்கப்படுமே தவிர விரியாது. அதனால் அந்த ஒட்டு விட்டுக்கொள்ளாது.

மெட்டு இடங்களைக் கணக்கிட மீதமுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்துக்கொண்டே போகலாம். முதல் மெட்டு 36.4, இரண்டாவது 70.7, மூன்றாவது 103.1, நான்காவது 133.7, ஐந்தாவது 162.5, பன்னிரண்டாவது 324. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். மெட்டுக்கு மெட்டு அளந்தால் ஒவ்வொரு கால் மி.மீ. தவறும் அடுத்ததன் தலையில் ஏறும்.

கடையில் வாங்கும் மெட்டுக்கம்பிக்கு 0.6 மி.மீ. அகலக் கீறல் வேண்டும். ஹேக்சா பிளேடின் பற்கள் இருபக்கமும் விரிந்திருப்பதால் அது ஒரு மி.மீ. அளவு வெட்டும். பிளேடைப் படுக்கவைத்துச் சாணைக்கல்லில் இருபக்கமும் தேய்த்து அந்த விரிவை எடுத்தால் 0.65 பக்கம் வந்துவிடும். வாங்க வேண்டாமென்றால் 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக்கை ஒரு மி.மீ. ஆழப் பள்ளத்தில் எபாக்சி வைத்துப் பதிக்கலாம். பித்தளை வெல்டிங் கம்பி பதிக்க எளிது, உருக்குக் கம்பிக்குக் கீழே சீக்கிரம் தேயும். நைலானுக்கு அதுவே நன்று.

மெட்டுகளைப் பதித்த பிறகு முனைகளை உடனே ஓரத்தோடு தேய்த்துவிடாதீர்கள். டர்பனில் கோடையில் செய்த கழுத்தென்றால் ஒரு குளிர்காலம் காயவிட்டு, மரம் சுருங்கி முனைகள் வெளியே வந்த பிறகு, அரத்தை 35 பாகை சாய்த்துப் பிடித்து ஒரே தடவையாகத் தேய்த்து முடியுங்கள். கியாட் கழுத்தாக இருந்தாலும் மேலே ஒட்டிய பலகை வேறு மரம் என்பதால் இந்தக் காத்திருப்பு அதற்கும் உண்டு.